முதியோர் நினைவை அளந்த கோல்கள்
அல்ஸைமர் சோதனைகளும் பள்ளி காணாத தலைமுறையும்

1901-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள். ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகர மனநோய் மருத்துவமனையில், முந்தைய நாள் சேர்க்கப்பட்டிருந்த 51 வயதுப் பெண்மணி ஒருவரின் எதிரே அமர்ந்து, அலோய்ஸ் அல்ஸைமர் என்ற மருத்துவர் கேள்விகளைத் தொடுத்தார். பெயர் என்ன என்றார். ஔகுஸ்டே என்று விடை வந்தது. கணவர் பெயர் என்ன என்றார். அதற்கும் ஔகுஸ்டே என்றே விடை வந்தது. உண்டுகொண்டிருக்கும்போதே, உண்பது எது என்று கேட்டதற்கு வேறோர் உணவின் பெயரைச் சொன்னார். பெயரை எழுதச் சொன்னபோது தொடங்கிய சொல்லை முடிக்குமுன் மறந்துபோனார். இந்த உரையாடலை மருத்துவர் வரிவரியாக எழுதி வைத்தார். காணாமற்போயிருந்த அந்தக் கோப்பு 1995-இல் ஃபிராங்க்ஃபர்ட்டிலேயே கண்டெடுக்கப்பட்டது.

அல்ஸைமர் நோயின் வரலாறு இங்கிருந்து தொடங்குவதாக எல்லா நூல்களும் சொல்லும். ஆனால் அந்த முதல் விசாரணையில் மதிப்பெண் எதுவும் இல்லை என்பதை அவை பெரும்பாலும் சொல்வதில்லை. கேட்டவரும் விடையளித்தவரும் ஒரே மொழியினர், ஒரே நாட்டினர். அந்தப் பெண்மணி முன்பு எழுதப் படிக்கத் தெரிந்து இல்லத்தை ஆண்டவர். அவரிடம் மாற்றம் தொடங்கிய காலத்தையும், முதலில் வெளிப்பட்டது காரணமற்ற சந்தேகம் என்பதையும் மருத்துவருக்குச் சொன்னவர் கணவர். ஆக, நோய் என அன்று கண்டறியப்பட்டது ஒருவரின் அறிவின் அளவு அன்று. ஒருவர் தாம் இருந்த நிலையிலிருந்து சரிந்தமையே நோயெனக் கொள்ளப்பட்டது. பின்வந்த நூறாண்டில் இவ்விரண்டும் எவ்வாறு ஒன்றோடொன்று கலந்தன, அக்கலப்பினால் உலகின் எந்தப் பகுதி மக்கள் தவறாக அளக்கப்பட்டனர் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஔகுஸ்டே டெட்டர் 1906 ஏப்ரலில் காலமானார். அவர் மூளையில் கண்ட மாற்றங்களை அதே ஆண்டு நவம்பர் 3-ஆம் நாள் டியூபிங்கன் நகரக் கூட்டமொன்றில் அல்ஸைமர் விவரித்தார். 1910-இல் எமில் கிரேப்ளின் தமது பாடநூலின் எட்டாம் பதிப்பில் அதற்கு அல்ஸைமர் பெயரைச் சூட்டினார். ஆனால் அறுபதுக்கு முன் வந்தால்தான் அது நோய். எண்பதில் வரும் மறதி முதுமையின் இயல்பு என்ற எண்ணம் அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. இங்கிலாந்தின் நியூகாஸில் நகரில் பிளெஸ்ஸட், டாம்லின்சன், ராத் ஆகிய மூவர், இறந்த முதியோரின் மூளைகளில் உள்ள படிவுகளை எண்ணி, அவற்றை அம்முதியோர் உயிருடன் இருந்தபோது பெற்ற சோதனை மதிப்பெண்ணோடு ஒப்பிட்டு 1968-இல் வெளியிட்டனர். படிவு மிகுந்தால் மதிப்பெண் குறைந்தது. 1976-இல் அமெரிக்க நரம்பியலாளர் ராபர்ட் காட்ஸ்மன், முதுமையில் வரும் மறதிநோயும் அல்ஸைமர் நோயும் ஒன்றே என்று வாதிட்டு ஒரு தலையங்கம் எழுதினார். அதுவரை சில நூறு பேரின் அரிய நோயாக இருந்தது ஒரே வீச்சில் பல இலட்சம் பேரின் நோயாயிற்று. நோயென்றால் எண்ண வேண்டும். எண்ண வேண்டுமென்றால் எவரும் எளிதில் கையாளும் கோல் ஒன்று வேண்டும்.

அக்கோல் ஓராண்டு முன்னதாகவே தயாராயிருந்தது. மார்ஷல் ஃபோல்ஸ்டீன், சூசன் ஃபோல்ஸ்டீன், பால் மக்ஹியூ ஆகியோர் 1975-இல் வெளியிட்ட 'மினி மெண்டல் ஸ்டேட்' சோதனைக்குப் பத்து நிமிடம் போதும். மொத்த மதிப்பெண் 30. இன்று என்ன தேதி, என்ன கிழமை, என்ன பருவம்? இது எந்த மாநிலம், எத்தனையாவது மாடி? மூன்று சொற்களைக் கேட்டு மீண்டும் சொல்லுக. நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டே வருக. தாளில் உள்ள கட்டளையைப் படித்து அவ்வாறே செய்க. ஒரு வாக்கியம் எழுதுக. ஒன்றையொன்று வெட்டும் இரு ஐங்கோணங்களைப் பார்த்து வரைக. 24-க்குக் கீழே சென்றால் ஐயத்திற்குரியவர்.

இக்கேள்விகளை ஒருமுறை உரக்கப் படித்துப் பார்த்தால், இவற்றின் பிறப்பிடம் மருத்துவமனை அன்று, வகுப்பறை என்பது புலனாகும். அது தற்செயலும் அன்று. மனிதரின் அறிவை அளக்கும் கோல்களின் மூதாதை, 1905-இல் ஆல்ஃபிரட் பினே பாரிஸ் பள்ளிகளில் தனிக் கவனிப்புத் தேவைப்படும் பிள்ளைகளை இனங்காண உருவாக்கிய வினாத்தொகுதி. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படை அதன் வழிவந்த சோதனைகளை ஏறத்தாழ 17 இலட்சம் படைவீரர்களிடம் நடத்தியது. அமெரிக்கக் கடைச்சரக்குகளின் வணிகப் பெயர்கள்கூட அதில் வினாக்களாயின. புதிதாகக் குடியேறியவர்கள் தோற்றனர். தோல்வி அவர்களுடைய இனத்தின் குறையாக எழுதப்பட்டது. இன்று அதைப் படிப்பவர் எவருக்கும் நகைப்பு வரும். ஆனால் அன்று அது அறிவியலாகவே மதிக்கப்பட்டது.

அதே வழியில் வந்த டேவிட் வெக்ஸ்லர் 1939-இல் வயது வந்தோருக்கான சோதனையை வெளியிட்டார். இளைஞரையும் முதியவரையும் ஒரே காலத்தில் சோதித்தபோது வயது கூடக்கூட மதிப்பெண் படிப்படியாக இறங்கியது. அறிவு முப்பதுக்கு முன்னரே சரியத் தொடங்குகிறது என்ற முடிவு பரவியது. இம்முடிவின் ஓட்டையைக் காட்டியவர் வார்னர் ஷாய். 1956-இல் சியாட்டில் நகரில் அவர் தொடங்கிய ஆய்வு, அதே மனிதர்களை ஏழு ஆண்டுக்கு ஒருமுறை திரும்பத் திரும்பச் சோதித்தது. தனி மனிதர் தம்மோடு ஒப்பிடப்பட்டபோது பெரும்பாலான திறன்கள் அறுபதை ஒட்டியே குறையத் தொடங்குவது தெரிந்தது. முன்னர் வயதின் சரிவாகத் தோன்றியதில் பெரும் பங்கு தலைமுறைகளின் வேறுபாடு. முன் பிறந்தவர் குறைவாகப் பள்ளி சென்றிருந்தார், அவ்வளவுதான்.

தலைமுறை என்பது வேறொரு வகையிலும் குறுக்கிட்டது. 1972-இல் இங்கிலாந்தில் ஹாட்கின்சன் தொகுத்த பத்துக் கேள்விச் சோதனை, முதல் உலகப் போர் நடந்த ஆண்டையும் அரியணையில் இருப்பவரின் பெயரையும் கேட்கிறது. 1972-இன் எண்பது வயதினருக்கு அப்போர் தாம் நின்ற களம், அல்லது உடன்பிறந்தாரை இழந்த துயரம். இன்றைய எண்பது வயதினருக்கு அது பாடநூலில் ஒரு வரி. சில்ஹெட்டிலிருந்தோ மீர்ப்பூரிலிருந்தோ சென்று பிரிட்டனின் ஆலைகளில் உழைத்து மூத்தவர்களுக்கு அந்த வரியும் இல்லை. கேள்வி மாறவில்லை. கேட்கப்படுபவர் மாறிவிட்டார்.

பள்ளியின் நிழல் எவ்வளவு நீளமானது என்பதை அமெரிக்காவே அளந்து காட்டியது. படிப்பு எட்டாண்டுக்கு மேற்படாதவர்களை மினி மெண்டல் சோதனை தவறாக நோயாளிகளென முத்திரை குத்துகிறது என 1982-இலேயே பால்டிமோரில் ஓர் ஆய்வு எச்சரித்தது. 1993-இல் வெளியான கணக்கெடுப்பு ஐந்து பகுதிகளைச் சேர்ந்த 18,056 பேரைக் கொண்டது. 18 வயது முதல் எல்லா வயதினரும் அதில் அடங்குவர். ஒன்பதாண்டோ அதற்கு மேலோ படித்தவர்களின் இடைநிலை மதிப்பெண் 29. ஐந்து முதல் எட்டாண்டு படித்தவர்களுக்கு 26. நான்காண்டு வரை மட்டும் படித்தவர்களுக்கும் பள்ளியே செல்லாதவர்களுக்கும் 22. எல்லைக்கோடோ 24! அதாவது, அந்தப் பிரிவினரில் பாதிப் பேராவது வெறும் படிப்பின்மையால் ஐயப் பட்டியலில் ஏறிவிடுவர். வயதின் கணக்கும் அதில் உண்டு: 18 முதல் 24 வயதினருக்கு 29 ஆக இருந்த இடைநிலை மதிப்பெண், எண்பதைக் கடந்தோரிடம் 25 ஆகக் குறைந்திருந்தது. மங்கிய கண்ணும் அடைத்த காதும் தளர்ந்த விரலும் பெற்றுத்தரும் மதிப்பெண் எவ்வளவு, நோயுற்ற மூளை இழக்கும் மதிப்பெண் எவ்வளவு என்று அத்தாளைப் பார்த்துப் பிரிக்க இயலாது.

படிக்காதவர் ஏன் தோற்கிறார்? அறிவு குறைவென்பதாலா? இக்கேள்விக்கு இரு விடைகள் வரலாற்றில் உண்டு. ஒன்று சோவியத் உளவியலாளர் லூரியாவினுடையது. 1931, 1932 ஆண்டுகளில் அவர் உஸ்பெகிஸ்தானின் சிற்றூர்களுக்குச் சென்று, எழுத்தறியாத முஸ்லிம் உழவர்களிடம் புதிர்களைக் கேட்டார். பனி மூடிய வடதிசை நாடுகளில் கரடிகளெல்லாம் வெண்ணிறம். இன்ன ஊர் வடதிசையில் உள்ளது. அங்குள்ள கரடியின் நிறம் என்ன? நாங்கள் அங்கே போனதில்லை, காணாத ஒன்றைப் பற்றிச் சொல்லமாட்டோம் என்ற கருத்துப்படவே பலர் விடையளித்தனர். பள்ளிக்கூடம் சென்ற இளைஞரோ தயங்காமல் வெள்ளை என்றனர். முன்னவரின் சிந்தனை கண்முன் உள்ளதைத் தாண்டாதது என்று லூரியா கொண்டார். கண்டதற்கே சாட்சி சொல்ல வேண்டும் என்று வளர்க்கப்பட்ட ஒரு சமூகத்தின் முதியவர் வாயிலிருந்து அவ்விடை வந்ததை நாம் அவ்வாறு கொள்ள வேண்டியதில்லை. புதிரை அவர் விளங்காமல் இல்லை. விளையாட்டின் விதியை ஏற்கவில்லை. அதற்குச் சற்று முன்னர்தான் அவ்வூர்களில் அரபு எழுத்து நீக்கப்பட்டு இலத்தீன் எழுத்து புகுத்தப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்து நோக்க வேண்டும். முன்னர் ஓதத் தெரிந்தவரும் ஓர் அரசாணையில் எழுத்தறியாதவர் ஆகிவிட்டார்.

மற்றொரு விடை போர்த்துகலிலிருந்து வந்தது. அந்நாட்டின் தென்பகுதி மீனவர் குடும்பங்களில் மூத்த மகள் வீட்டில் நின்று தம்பி தங்கையரை வளர்ப்பாள். இளையவள் பள்ளி செல்வாள். ஒரே தாய் வயிற்றில் பிறந்து ஒரே கூரையின் கீழ் வளர்ந்த சகோதரிகள், ஒருத்திக்கு எழுத்து உண்டு, மற்றவளுக்கு இல்லை. காஸ்ட்ரோ கால்டாஸும் அவர் குழுவினரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், பொருளுள்ள சொற்களைத் திருப்பிச் சொல்வதில் இருவரும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தனர். பொருளற்ற ஒலிக்கோவைகளைத் திருப்பிச் சொல்வதில்தான் எழுத்தறியாதவர் தடுமாறினர். அப்போது அவர்களின் மூளை இயங்கிய விதமும் வேறாக இருந்தது. எழுத்து என்பது அறிவு குடியேறும் பாத்திரம் மட்டுமன்று. அது மூளையின் சில வழிகளைத் திறக்கும் பயிற்சி. அப்பயிற்சி பெறாதவரின் மூளை நோயுற்ற மூளை ஆகாது. வாழ்நாளில் பென்சில் பிடித்திராத கை ஐங்கோணம் வரையத் தடுமாறினால், அது கையின் வரலாறேயன்றி மறதியின் அறிகுறி அன்று.

இந்த இடத்தில் நம் ஊர்களை நினையாதிருக்க முடியாது. காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடற்கரைப் பட்டினங்களிலும் இலங்கையின் முஸ்லிம் ஊர்களிலும் பெண்கள் பல தலைமுறையாக அரபுத்தமிழ் எழுத்தில் வாசித்தனர். தமிழ் ஒலிகளுக்கென அரபு எழுத்துகளில் புள்ளிகளும் குறிகளும் சேர்த்து அமைத்த அந்த வரிவடிவில்தான் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) போன்றோர் மார்க்கச் சட்ட நூல்களை எழுதினர். வீட்டில் ஓதிக்கொடுக்கும் பெண்மணியிடம் குர்ஆனும், பின் மாலைகளும் கிஸ்ஸாக்களும் மசலாக்களும் கற்ற பெண்கள், தமிழ் எழுத்தின் அகரத்தைக்கூட அறியாதிருந்திருக்கலாம். பலர் வாசிப்பர், எழுதக் கற்பிக்கப்படவில்லை. 1911-ஆம் ஆண்டு மக்கட்தொகைக் கணக்கெடுப்பு, நண்பருக்குக் கடிதம் எழுதி அவர் பதிலைப் படிக்கத் தெரிந்தவரையே எழுத்தறிந்தவராகக் கொண்டது. வாசிக்க மட்டும் தெரிந்தவர் எழுத்தறிந்தவர் ஆகார் என்பதே இன்றைய கணக்கெடுப்பின் இலக்கணமும். ஆகவே நூறு பக்கக் கிதாபைச் சரளமாக வாசித்த மூதாட்டியும் ஏட்டில் எழுத்தறியாதவரே. தமிழில் அச்சிட்ட கட்டளையைக் காட்டி, படித்து அவ்வாறே செய்யுங்கள் என்று மருத்துவர் கேட்டால் அவர் விழிப்பார். தேதி கேட்டால் ஆங்கிலத் தேதி தெரியாது. ஆனால் இது நோன்பு மாதத்திற்கு முந்திய மாதம் என்பதும், அஸர் வக்து நெருங்கிவிட்டது என்பதும் தெரியும். தாளில் இவற்றுக்கு இடமில்லை. பிள்ளைகளுள் ஒருவருக்கு வீட்டை ஹிபாவாக எழுதிவைத்த தாயின் கோப்பில் 17 என்ற எண் ஏறிவிட்டால், அந்த ஹிபாவே வழக்கு மன்றத்தில் கேள்விக்குள்ளாகலாம். ஒரு கேள்வித்தாளின் குறை குடும்பத்தின் நீதியைத் தொடும் இடம் இது.

கேள்வித்தாளையே திருத்தும் முயற்சி இந்தியாவில் அரியானாவின் பல்லப்கரில் நடந்தது. மேரி கங்குலி, விஜய் சந்திரா முதலானோர் அங்குள்ள, பெரும்பாலும் எழுத்தறியாத முதியோருக்காக வடிவமைத்த இந்திச் சோதனை 1995-இல் வெளியாயிற்று. காலம் பற்றிய கேள்விகளில் இது காலையா, நண்பகலா, மாலையா என்பது சேர்ந்தது. வாரநாட்களைப் பின்னிருந்து சொல்லச் சொன்னார்கள். தாளில் உள்ள கட்டளைக்குப் பதிலாக, என் முகத்தைப் பார்த்து நான் செய்வதைச் செய்யுங்கள் என்று சொல்லிச் சோதிப்பவர் தம் கண்களை மூடினார். வாக்கியம் எழுதுவதற்குப் பதில், உங்கள் வீட்டைப் பற்றி ஏதேனும் சொல்லுங்கள் என்றார்கள். எளிமையாகத் தோன்றும் இம்மாற்றங்கள் வெறும் மொழிபெயர்ப்பு அல்ல. ஒவ்வொரு கேள்வியும் எந்தத் திறனைத் தேடுகிறது என்று கண்டு, அத்திறன் அம்மக்களின் வாழ்வில் எங்கே வெளிப்படுகிறது என்று தேடிச் சென்றதன் விளைவு.

சோதனை ஆளுக்கேற்ப மாற வேண்டும் என்ற கருத்து நம் சட்ட நூல்களுக்குப் புதிதன்று. அநாதைகளின் சொத்தை ஒப்படைக்குமுன் அவர்களைச் சோதித்துப் பார்க்குமாறு சூரா அந்நிஸாவின் ஆறாம் வசனம் பணிக்கிறது. அச்சோதனையை எவ்வாறு நடத்துவது? இமாம் நவவீ (ஹிஜ்ரி 676 / கி.பி. 1277) தமது மின்ஹாஜுத் தாலிபீனில் இதனை விளக்குகையில், சோதனை ஆளின் தரத்துக்கேற்ப வேறுபடும் என்கிறார். வணிகர் மகனுக்குக் கொள்வதும் கொடுப்பதும் பேரம் பேசுவதும். உழவர் மகனுக்கு வேளாண்மையும் வேலையாட்களுக்குச் செலவிடுவதும். கைவினைஞனுக்கு அவன் தொழில். பெண்ணுக்கு நூற்பும் பஞ்சும், உணவைப் பூனையிடமிருந்து காப்பதும். ஒருமுறை சோதித்தால் போதாது, மீண்டும் சோதிக்க வேண்டும் என்பதும் அவர் விதிக்கும் நிபந்தனை. ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நம் கடற்கரை ஊர்களின் ஆலிம்களுக்கு நன்கு அறிமுகமான நூல் இது. அங்கே சோதிக்கப்படுவது இளையோரின் பக்குவம், முதியோரின் மறதி அன்று என்பது உண்மையே. ஆயினும் ஒருவரின் அறிவை அவர் புழங்கும் உலகத்துக்குள்ளேயே அளக்க வேண்டும் என்ற நெறி அதில் தெளிவாக உள்ளது.

முதியோரின் மறதியையே பொருளாகக் கொண்ட துறை ஒன்றும் நம்மிடம் உண்டு. ஹதீஸ் கலையில் 'இக்திலாத்' என்பார்கள். நம்பகமான அறிவிப்பாளர் பிற்காலத்தில் நினைவு குழம்பிப்போதல். இப்னுஸ் ஸலாஹ் (ஹிஜ்ரி 643 / கி.பி. 1245) தமது முகத்திமாவின் 62-ஆம் பிரிவை இதற்கே ஒதுக்கினார், ஹலபைச் சேர்ந்த ஸிப்த் இப்னுல் அஜமீ (ஹிஜ்ரி 841 / கி.பி. 1438) இத்தகையோரைத் தனி நூலாகவே தொகுத்தார். கூஃபாவின் அதா இப்னுஸ் ஸாயிப் இறுதிக்காலத்தில் குழம்பினார். அவரிடம் அதற்கு முன் கேட்டவர்கள் ஷுஃபாவும் ஸுஃப்யான் ஸவ்ரீயும். பின்னர் கேட்டவர்கள் வேறு சிலர். முன்னவர் வழி வந்தது ஏற்கப்படும், பின்னவர் வழி வந்தது ஒதுக்கப்படும், எப்போது கேட்டார் என்று தெளிவில்லாதது நிறுத்தி வைக்கப்படும். முஸன்னஃபின் ஆசிரியர் அப்துர் ரஸ்ஸாக் ஸன்ஆனீயின் (ஹிஜ்ரி 211 / கி.பி. 827) விஷயத்தில், அவர் பார்வை இழந்த காலமே பிரிகோடாயிற்று.

இதில் நாம் கவனிக்க வேண்டியது அளவுகோல். அதாவை யாரும் மற்றொரு முதியவரோடு ஒப்பிடவில்லை. முந்தைய அதாவோடு ஒப்பிட்டனர். அதற்கான வழிகளும் அவர்களிடம் இருந்தன. பழைய ஏடுகளோடு ஒத்துப் பார்த்தனர். பழைய மாணவர்களின் அறிவிப்போடு ஒத்துப் பார்த்தனர். அவருடையதல்லாத ஹதீஸை அவருடையதென எடுத்துக்கொடுத்து, ஏற்கிறாரா மறுக்கிறாரா என்றும் பார்த்தனர். யஹ்யா இப்னு மயீன் இவ்வாறு அபூநுஐமின் ஹதீஸ்கள் முப்பதினிடையே, பத்துக்கு ஒன்றாக அவருடையதல்லாதவற்றைச் செருகி வைத்தார். அபூநுஐம் அவற்றை ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டிவிட்டு, சோதிக்க வந்தவரைக் காலால் உதைத்துத் தள்ளினார் என்று கதீப் பக்தாதீயின் வரலாற்று நூல் குறிக்கிறது. சோதனையில் தேறிய முதியவர்கள் எல்லோரும் அவ்வளவு உரிமையோடு தம் கருத்தைத் தெரிவிப்பதில்லை!

இதைக் கொண்டு அல்ஸைமர் நோயை நம்மவர் முன்பே கண்டுவிட்டனர் என்று பெருமை பேசுவது முறையன்று. முஹத்திஸ்களுக்கு நோய் பொருட்டன்று. அறிவிப்பின் தூய்மையே பொருட்டு. அவர்கள் 'இக்திலாத்' என்றவற்றுள் துயரத்தால் வந்த கலக்கமும், ஏடுகள் எரிந்துபோனதால் வந்த தடுமாற்றமும் கலந்தே உள்ளன. ஆனால் சரிவை அவரவர் முன்னிலையிலிருந்து அளப்பது என்ற முறையை, இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் மருத்துவம் தானே வருந்தித் தேடி அடைந்தது என்பது நினைக்கத்தக்கது.

அத்தேடல் நடந்தது மருத்துவக் கல்விக்கூடங்களின் விளிம்பில்தான். கனடாவின் மனிடோபா மாகாணத்துக் கிரீ பழங்குடியினரிடையே ஆய்வு நடத்தச் சென்ற ஹியூ ஹெண்ட்ரி, காத்லீன் ஹால் குழுவினர் ஈரங்கமான ஒரு சோதனையை அமைத்தனர். முதல் அங்கத்தில் சுத்தியலால் என்ன செய்வார்கள், பாலம் என்றால் என்ன, அருகிலுள்ள கடை எங்கே என்பன போன்ற கேள்விகள் முதியவரிடம் கேட்கப்படும். இரண்டாம் அங்கம் உறவினரிடம்: முன்பு செய்ததை இப்போது செய்கிறாரா, வைத்த பொருளை மறக்கிறாரா, மாறியிருக்கிறாரா? இரண்டையும் சேர்த்தே முடிவு. இச்சோதனை நைஜீரியாவின் இபாதானில் யொரூபா மக்களிடமும் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் ஆப்பிரிக்க அமெரிக்கரிடமும் ஒருங்கே பயன்பட்டது. 2001-இல் வெளியான முடிவின்படி, ஆண்டுதோறும் புதிதாக அல்ஸைமர் நோய் காண்போர் இபாதானில் 1.15 விழுக்காடு, இண்டியானாபோலிஸில் 2.52 விழுக்காடு. படிப்பில் பின்தங்கிய ஊரில் நோய் குறைவு! பழைய கோலைக் கொண்டு அளந்திருந்தால் இது தலைகீழாகத் தோன்றியிருக்கும்.

1998-இல் கொச்சியில் உருவான 10/66 ஆய்வுக்குழு இதை மேலும் விரித்தது. டிமென்ஷியா நோயாளிகளில் 66 விழுக்காட்டினர் வாழும் வளரும் நாடுகளில் பத்தில் ஒரு பங்கு ஆய்வுகூட நடைபெறவில்லை என்பதையே அப்பெயர் குறிக்கும். சென்னையும் வேலூர்ப் பகுதிச் சிற்றூர்களும் அதன் களங்கள். தமிழ் முதியோர் தமிழிலேயே கேட்கப்பட்டனர். 2008-இல் வெளியான முடிவு வியப்பளித்தது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் இலக்கணப்படி, தரப்படுத்திய விகிதம் இந்தியக் கிராமத்தில் வெறும் 0.3 விழுக்காடு, கியூபாவில் 6.3. ஆனால் 10/66 குழு தானே அமைத்த முறையில் எந்நாட்டிலும் விகிதம் 5.6-க்குக் குறையவில்லை. ஏன் இவ்வேறுபாடு? அன்றாட வாழ்க்கை பாதிக்கப்பட்டதாக உறவினர் சொன்னால்தான் அமெரிக்க இலக்கணப்படி அது நோய். இந்தியக் கிராமத்தில் உறவினர் அப்படிச் சொல்வதில்லை. வாப்பாவுக்கு என்ன குறை? சோறு வைத்தால் உண்கிறார். கைபிடித்தால் பள்ளிவாசலுக்கு வருகிறார். கணக்கைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்கிறோம். முதியவரிடம் எதுவும் எதிர்பார்க்காத இல்லத்தில் எதுவும் குறைந்ததாகத் தெரிவதில்லை.

எனவே உறவினர் சாட்சியும் முழு நம்பிக்கைக்குரியதன்று. அதிலும் பண்பாடு கலந்துள்ளது. ஹதீஸ் வரலாற்றிலேயே இதற்கு அழகிய சான்று உண்டு. பஸராவின் ஜரீர் இப்னு ஹாஸிம் (ஹிஜ்ரி 170) குழம்பத் தொடங்கியபோது, ஹதீஸ் அறிந்த அவருடைய மக்கள் அதை உணர்ந்து அவரை மறைத்துவிட்டனர். அந்நிலையில் அவரிடம் எவரும் எதையும் கேட்கவில்லை. முதலில் உணர்ந்தவர்கள் அவர்கள், மறைத்தவர்களும் அவர்களே. அறிவிப்பின் தூய்மைக்கு அது பெரும் நன்மை. நம் வீடுகளில் நடக்கும் மறைப்புக்கு அத்தகைய நன்மை எதுவும் இல்லை. பெற்றோரின் மதிப்பைக் காப்பதாக எண்ணி, மருத்துவரிடம் செல்ல வேண்டிய ஆண்டுகளைத் தொலைத்துவிடுகிறோம்.

நம்மை ஏமாற்றும் மற்றொன்றும் உண்டு. இளமையில் மனனம் செய்து ஆயிரம் முறை ஓதியவை நோய் முற்றும் வரை நாவில் நிற்கும். யாஸீனைப் பிழையின்றி ஓதுகிறார், அவருக்கா மறதி என்று கேட்போர் பலர். ஓதுவது சரியாக இருக்கலாம். ஓதி முடித்ததை மறந்து மீண்டும் ஓதத் தொடங்குகிறாரா, அஸரைத் தொழுதபின் அஸருக்கே பாங்கு சொல்லியாயிற்றா என வினவுகிறாரா என்பதையே பார்க்க வேண்டும். கற்றவரிடம் கேள்வித்தாள் எதிர்த்திசையிலும் தவறும்: நிறையப் படித்தவர் பெரும் சரிவுக்குப் பின்னும் 28 வாங்கித் தேறிவிடுவார். 2005-இல் மாண்ட்ரியலில் நஸ்ரத்தீன் குழுவினர் அமைத்த கடினமான சோதனை இத்தகையோருக்காகவே வந்தது. அதிலோ பள்ளிக் கல்வி 12 ஆண்டுக்கு மேற்படாதவர்களுக்கு ஒரு மதிப்பெண் சலுகை. கல்லூரியின் வாசலில் நின்றவருக்கும் பள்ளியே காணாதவருக்கும் அதே ஒரு மதிப்பெண்!

அப்படியானால் வயதுக்கும் படிப்புக்கும் ஏற்ப மதிப்பெண்ணைக் கூட்டிக் கொடுத்துவிடலாமே என்பர். அதுவும் முழுத் தீர்வாகாது. முதுமையும் கல்வியின்மையும் சோதனையைக் குழப்பும் காரணிகள் மட்டுமல்ல, நோய்க்கே காரணிகளும்கூட. இளமைக் கல்விக் குறைவையும் செவிப்புலன் இழப்பையும் லான்செட் ஆணையம் 2024-இல் வெளியிட்ட 14 இடர்க்காரணிகளுள் வைத்துள்ளது. சலுகை மதிப்பெண் மிகுந்தால் உண்மை நோயாளியும் நலமுடையோர் பட்டியலில் மறைந்துபோவார். இந்திய முதியோர் நீள்கால ஆய்வின் பகுதியாக நடந்து 2023-இல் வெளியான மதிப்பீடு, அறுபது கடந்த இந்தியரில் 7.4 விழுக்காட்டினர், அதாவது 88 இலட்சம் பேர், டிமென்ஷியாவுடன் வாழ்வதாகக் கண்டது. பெண்களிடமும் கிராமத்தாரிடமும் பள்ளி செல்லாதவரிடமும் அது மிகுதி. இம்மிகுதியில் நோயின் பங்கு எவ்வளவு, கோலின் பங்கு எவ்வளவு என்பதே ஆய்வாளர்களிடையே தொடரும் விவாதம். பல்லப்கரில் பிறந்த கேள்விகளும் உறவினர் சாட்சியும் அவ்வாய்விலும் பயன்பட்டமையால், பழைய எண்களைவிட இது நம்பத்தக்கது என்பது நம் கருத்து.

இப்போது இரத்தத்தில் நோயின் தடயத்தைத் தேடும் காலம் வந்துவிட்டது. அத்தகைய முதல் சோதனைக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2025 மே மாதம் ஒப்புதல் அளித்தது. இரத்தம் எந்த எழுத்தையும் வாசிக்க வேண்டியதில்லை. எந்த அரசரின் பெயரையும் அது அறியத் தேவையில்லை. ஆயினும் அச்சோதனை 55 வயது நிரம்பி, மறதியின் அறிகுறிகளோடு சிறப்பு மருத்துவரை நாடியவர்களுக்கு மட்டுமே உரியது. யாரை அங்கே அழைத்துச் செல்வது என்பதை இன்றும் வீட்டிலுள்ளோரின் சொல்லும், பத்து நிமிடக் கேள்வித்தாளும்தான் தீர்மானிக்கின்றன.